பூனைக்கண் தேடிப் போன வாரம்

ஞாயிறு, மதுரை

இந்த வாரம் முழுக்க மதுரைப் பக்கம்தான் சுற்றப்போகிறேன். ராத்திரி ரூமுக்கு வந்ததும் அன்றன்றைய கதையை எழுதிப் போட்டுவிடுவதாக உத்தேசம். தூங்கிப்போனால் மறுநாள் காலையில் வரும்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நான் செயற்கைக் கண் செய்கிறவள். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேப். என் இடது கண்ணும் அக்ரிலிக்தான். இரண்டு வயதில் ரெட்டினோபிளாஸ்டோமா வந்தது. விழித்திரையில் வரும் புற்றுநோய். வெளிச்சம் பட்டால் கண்மணி பூனைக்கண் போல வெள்ளையாக மின்னும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். பிறக்கும் குழந்தைகளில் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 குழந்தைகள் என்று மதிப்பிடுகிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் தப்பும், பல சமயம் கண்ணும் தப்பும். தாமதமானால் கண்ணை எடுக்க வேண்டும். அதற்கும் தாமதமானால் கண் நரம்பு வழியே மூளைக்குப் போய்விடும். என் விஷயத்தில் ஒரு கண்ணை எடுத்ததோடு நின்றது, அந்த மட்டும் நல்லது.

சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். ஆபரேஷன் நடந்தது மதுரையில். கண் வைத்தியத்துக்கு மதுரைக்குப் போவது தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் அண்ணா நகரில் 11 படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் பச்சைத் துணியை ஒரு கண்ணில் கட்டிக்கொண்டு டீ குடிக்கும் தாத்தாக்களைப் பார்க்காமல் ரோட்டைத் தாண்ட முடியாது.

சாயங்காலம் கோயில் பக்கம் நடந்தேன். ஒரு கடையில் வெள்ளித் தகட்டில் கண்மலர் தொங்கியது. கண் நோய் தீர்ந்தால் அம்மனுக்குச் சாத்துவார்களே, அது. கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இமை மேட்டுக்கு ஒரு அழுத்து, கருவிழிக்கு ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நான் ஒரு கருவிழிக்கு அரைநாள் உட்காருகிறேன்.

"ஒத்தைக் கண்ணு மட்டும் கிடைக்குமாண்ணே?" என்றேன்.

"ஒத்தையா யாரும் கேட்டதில்லம்மா. ஜோடியாத்தான் குடுப்போம்."

நியாயம்தான். ஜோடியாகவே வாங்கிக்கொண்டேன்.

திங்கள், உசிலம்பட்டி

தேனி ரயிலில் போனேன். பழைய மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் நிறுத்தியவர்கள், 2022 மே மாதம்தான் அகலப்பாதையில் தேனி வரை வண்டி விட்டார்கள். நடுவில் பதினொரு வருஷத்துக்கு மேல் பஸ்தான் கதி. வலது பக்க ஜன்னலாகப் பார்த்துப் பிடித்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் எனக்கு வெளியூரே கிடையாது. நாகமலை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

உசிலம்பட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் உள்ளே ஒரு கிராமம். அங்கே இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய வலது கண் நான் செய்தது. போன மாதம் வகுப்பில் அதைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டான். பார்க்க ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய் கட்டணம். நல்ல வசூலாம். டீச்சர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. அவன் அம்மா இதை என்னிடம் சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் போட்டோ எடுக்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்து மறைத்துக்கொண்டு திரிந்தவள் நான். இவன் டிக்கெட் போட்டுக் காட்டுகிறான். "கழட்டுறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவணும். கீழ விழுந்தா கீறல் விழும், கீறல் விழுந்தா உள்ள உறுத்தும். அப்புறம், ஸ்பிரிட் கிட்ட கொண்டுபோகக் கூடாது, விரிசல் விட்டுரும்" என்று மட்டும் சொன்னேன். கட்டணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பையன் வளர்ந்துவிட்டான், கண் வளரவில்லை. பழைய கண் உள்வாங்கி, மேல் இமை தொங்குகிறது. குழந்தைகளுக்கு இதை அப்படியே விடக் கூடாது. குழிக்குள் தகுந்த அளவில் ஏதாவது இருந்தால்தான் சுற்றியுள்ள எலும்பும் சரியாக வளரும். இல்லாவிட்டால் முகத்தின் ஒரு பக்கம் சிறுத்துப்போகும். திண்ணையிலேயே அளவெடுத்தேன். பல் டாக்டர்கள் அச்செடுக்கிற அதே அல்ஜினேட் மாவு. ஆறிய வெந்நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, இமைக்குள் மெதுவாக விட வேண்டும். ரப்பர் போல இறுகுகிற வரை பையன் நேராகப் பார்க்க வேண்டும். எதிரே ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. "அது எத்தனை தடவை வாலை ஆட்டுதுன்னு எண்ணு" என்றேன். எண்ணி முடிப்பதற்குள் அச்சு கையில் வந்துவிட்டது. உடனே பிளாஸ்டரில் வார்த்து எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் காய்ந்து சுருங்கிவிடும். மீதி வேலை லேபில். வெள்ளை விழிக்கு நூல் பிரித்து ரத்த நாளம் ஒட்ட வேண்டும். பையனின் வெள்ளை விழி சுத்த வெள்ளை கிடையாது, வெயிலில் அலைகிற கண், லேசாகப் பழுப்பு. கருவிழியும் கருப்பு இல்லை. நம் ஊர்க் கண்ணுக்குக் கருப்புப் பெயின்ட் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எல்லாம் காப்பிக்கொட்டை நிறத்தின் சாயல்கள்.

அவன் அப்பத்தாதான் முதலில் பார்த்தவர். "மடியில போட்டுத் தூங்க வைக்கிறப்ப பாத்தேன் தாயி. கதவுப் பக்கம் திரும்புனான், பூனைக்கண்ணு கணக்கா மின்னுச்சு. அவுக ஆத்தாகிட்டச் சொன்னேன், சிரிச்சா. எம் மகன்கிட்டச் சொன்னேன், வெட்டு முடியட்டும்னான்."

கரும்பு வெட்டு முடிந்தது. மாசி வந்தது, குலதெய்வம் கும்பிடாமல் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்கள். அப்புறம் அத்தை வீட்டுக் கல்யாணம். அப்பத்தா பார்த்த நாளுக்கும் மதுரைக்கு பஸ் ஏறிய நாளுக்கும் நடுவில் நாலு மாதம். முதல் மாதமே போயிருந்தால் கண் நின்றிருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. நாலாவது மாதத்தில் நிற்கவில்லை. நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். யாரோ ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். அநேகமாக ஒரு கிழவி. கிளம்புவதுதான் தாமதம். விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று எல்லோரும் போஸ்டர் ஒட்டுகிறோம். இந்த வீட்டில் அது இருந்தது, அப்பத்தா உருவத்தில்.

மத்தியானம் அங்கன்வாடிக்குப் போனேன். மாதா மாதம் எடை பார்க்கிற அன்றைக்கே கண்ணையும் பாருங்கள் என்று சொல்லி, வெள்ளை மின்னும் கண்ணின் படங்களைக் காட்டினேன். அங்கன்வாடி அக்கா நேராகக் கேட்டார்: "நான் இருபது வருசமா இருக்கேன், இந்த நோயை ஒண்ணும் பாக்கலையேம்மா." உண்மைதான், ரிட்டயர் ஆகும் வரை பார்க்காமலும் போகலாம். ஆனால் மாறுகண்ணைப் பார்ப்பார். இந்த நோய்க்கு அதுவும் ஒரு அறிகுறி. பிறவிக் கண்புரையைப் பார்க்கலாம், அதிலும் கண்மணி வெள்ளையாகத்தான் தெரியும். எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான். இதைச் சொன்னதும் அவர் படத்தை வாங்கிச் சத்துமாவு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

செவ்வாய், ரூமில்

வாடிப்பட்டிப் பக்கம் போக வேண்டிய ஏற்பாடு ரத்து. நேற்றைய புழுதியில் என் கண் குழி எரிந்து, பீளை தள்ளிவிட்டது. கழற்றி, வெந்நீரில் கழுவி, சுத்தத் துணியில் வைத்துவிட்டு நாள் முழுக்கப் படுத்திருந்தேன். தினமும் கழற்றத் தேவையில்லை, வருஷத்துக்கு ஒரு தரம் பாலிஷ் போட்டால் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். எனக்குப் பாலிஷ் போட ஆள் இல்லை, நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு கொண்டுவந்த தம்பி என் முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு ஓடிவிட்டான். சாயங்காலம் காப்பியோடு திரும்பி வந்து, "அக்கா, அதை ஒருதரம் பாக்கலாமா?" என்றான். தேன்மிட்டாய் கேட்கலாமா என்று நினைத்தேன்.

புதன், மேலூர், அரிட்டாபட்டி

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தியைப் பார்க்கத்தான். இவளுக்கு இரண்டு கண்ணிலும் நோய் இருந்தது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணைக் கீமோவும் லேசரும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் படிக்கிறாள்.

வேலியோரம் நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டு வாசலில் வைக்க மாட்டார்கள். இவள் அப்பா வேண்டுமென்றே வைத்திருக்கிறார். இவளுக்கு ஏற்றிய வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்து எடுப்பது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்களாம். சரிதான், 1963-ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அது இல்லாமல் வைத்தியம் இல்லை. ஆனால் யாரும் இலையை அரைத்துக் குடிக்கப் போகாதீர்கள். செடி விஷம். குவியல் குவியலாக இலையைப் பதப்படுத்தினால்தான் துளி மருந்து தேறும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி அம்மா கேட்டார். ஒரு கண் போய், மற்றது ஓரளவு நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் போடுவார்கள். சலுகை, இட ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் 40 வேண்டும். போலீஸ் வேலைக்குக் கேட்டால் குறை இருக்கிறது என்பார்கள், சலுகை கேட்டால் குறை போதாது என்பார்கள். எனக்கும் அதே 30தான். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் பெண்ணைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு இவளுக்கு ஒரு பிள்ளை பொறந்தா?" இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு அநேகமாக ஆர்பி1 என்ற மரபணுவிலேயே கோளாறு இருக்கும், பிள்ளைக்கு அது போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் பிறந்த உடனே கண்ணைச் சோதித்து, கடுகு அளவில் இருக்கும்போதே லேசரில் முடித்துவிடலாம். இதை உங்களிடம் சொல்வதைவிட அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை. வயசு பதினேழு, உடம்பு அவளுடையது. பேச்சு அங்கேயே நின்றது.

மத்தியானத்துக்கு மேல் பெண்ணே என்னை அரிட்டாபட்டிக்குக் கூட்டிப்போனாள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது ஊரே எழுந்து நின்றது. 2025 ஜனவரியில் திட்டம் ரத்தானது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் வடிவமாகச் சொல்லப்படும் லகுலீசர் சிற்பம் இருக்கிறது. குகைத்தளத்தில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகள். அண்ணாந்து பார்த்தால் என் ஒற்றைக் கண்ணுக்கும் தெரிகிறது. ஏறும்போது சிரமம் தெரியவில்லை. இறங்கும்போதுதான் சிக்கல். ஒற்றைக் கண்ணுக்குப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பிடிபடாது, பாறையும் அடுத்த பாறையும் ஒரே தளமாகத் தெரியும். அவளுக்கும் அப்படியே. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கினோம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கீழே நின்று, "அங்கிட்டுப் படி இருக்குத்தா, எதுக்கு இங்கிட்டு வாறீக?" என்று கத்தினார்.

பாதி வழியில் உட்கார்ந்து அவளே கேட்டாள். "அம்மா உங்ககிட்ட என் பிள்ளையப் பத்திக் கேட்டாங்களாக்கா? எனக்குத் தெரியும். நெட்ல படிச்சேன்." எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். எலும்பில் வீக்கம், விடாத வலி என்று வந்தால் சாதாரணமாக விடக் கூடாது, இந்த மரபணு உள்ளவர்களுக்குப் பின்னால் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது வரை. "உங்களுக்கு?" என்றாள். எனக்கு ஒரு கண்ணில்தான், ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். இருந்தும் மகள் பிறந்த வாரமே அவளைத் தூக்கிக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன் என்றேன். நர்சிங் படிக்கப் போகிறாளாம். குழந்தைகள் வார்டுக்குத்தான் என்கிறாள். படித்து முடிப்பதற்குள் மனசு மாறினாலும் தப்பில்லை என்று சொல்லிவைத்தேன். நோயிலிருந்து பிழைத்த பிள்ளை எல்லாம் அந்த நோய்க்கே உழைக்க வேண்டும் என்று சட்டமா என்ன? எனக்குப் பெயின்ட் அடிக்கப் பிடிக்கும், அதனால் வந்தேன்.

வியாழன், சோழவந்தான்

பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அகத்தி மரத்தில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை. கிராம நர்ஸ் ஒருவர் எனக்குப் பழக்கம். இலை கிள்ளி அடுக்கும் பெண்களிடம் பேச அழைத்திருந்தார். அவர்கள் கை ஓயாமல் அடுக்கிக்கொண்டே கேட்டார்கள்.

பேசி முடித்தபோது ஓரமாக நின்ற இளைஞர் செல்போனை நீட்டினார். மகளின் முதல் பிறந்தநாள் படம். கேக், தொப்பி, கேமரா வெளிச்சம். ஒரு கண்மணி சிவப்பு, இன்னொன்று வெள்ளை. எடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஸ்டேட்டஸ் வைத்தாராம், சொந்தக்காரர்கள் எல்லாம் இதயம் போட்டார்களாம்.

ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குழந்தை லேசாக ஓரம் பார்த்தால், நல்ல கண்ணிலும் நரம்புப் பகுதி வெளிச்சத்தைத் திருப்பி வெள்ளையாகக் காட்டும். வேறு படங்கள் கேட்டேன். தேடித் தேடிக் காட்டினார். அதே கண், அதே வெள்ளை.

எனக்கு என் அப்பா எடுத்துவைத்த ஸ்டுடியோ படம் ஞாபகம் வந்தது. அதில் என் இரண்டு கண்ணும் கருகருவென்று இருக்கும். இடது கண்ணில் விழுந்த வெள்ளைப் புள்ளியைப் படம் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஸ்டுடியோக்காரர் அக்கறையாக மை தொட்டு அடைத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகுதான் அவரே வந்து சொன்னாராம்.

"சனிக்கிழமை லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றார் அந்தத் தம்பி. சனிக்கிழமை என்பது எப்படி நாலு மாதமாகும் என்று எனக்குத் தெரியும். "நாளைக்குக் காலையில நானும் வர்றேன், முதல் பஸ்" என்றேன். அவர் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவருடைய அம்மா முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா வெற்றிலைக் கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, "வெள்ளன எந்திரிங்கடா" என்றார்.

வெள்ளி, மதுரை

பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு கண் ஆஸ்பத்திரி. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். குழந்தை ஆஸ்பத்திரியே அதிர அழுதது. அப்புறம் ஸ்கேன். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அந்தத் தம்பி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். எனக்கும் வயிறு கலங்கிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அது மட்டும் பழகவில்லை.

கட்டி இல்லை. பிறவிக் கண்புரை.

அம்மாக்காரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். உடனே தம்பி, "அப்போ ஒண்ணுமில்லைல, மெதுவாப் பாத்துக்கலாம்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். டாக்டர் விடவில்லை. பெரியவர்களுக்குப் புரை வந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், பிறகு எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். குழந்தைக்கு அப்படியில்லை. கண்ணிலிருந்து தெளிவான படம் போகாவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கழித்துவிடும், பிறகு புரையை எடுத்தாலும் பார்வை முழுசாக வராது. ஏற்கெனவே கொஞ்சம் தாமதம்தான், ஆபரேஷனுக்குப் பிறகு நல்ல கண்ணை மூடி மூடிப் பழக்க வேண்டியிருக்கும் என்றார். வருகிற புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று ஓட்டம் தொடங்கியது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பாட்டி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏப்பா, வந்ததுதான் வந்தாச்சு. எனக்கும் ஒரு சீட்டுப் போடு."

"உனக்கு என்னம்மா?"

"ரெண்டு வருசமா மங்கலாத்தேன் தெரியுது. வெத்தலையில ஓட்டை இருக்கா இல்லையான்னு தடவித்தேன் பாக்குறேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா?"

தம்பி என்னை ஒருதரம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுப் போடும் கவுண்டரில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய்க் கடைசியில் நின்றார்.